சந்தனப் பொட்டு வைத்த இலண்டன் துண்டுகள்

லாயாங் லாயாங்,
ஜோகூர்.
1936 ஆவணி, வெள்ளிக்கிழமை.

என் அன்பு மகன் டாக்குத்தர் தம்பிராஜாவுக்கு உன் சின்னையா சிற்றம்பலம் எழுதிக்கொள்வது. கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் உன் சின்னம்மா செல்லப்பாக்கியமும் இங்கே சுகமாயிருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியே சுகமில்லாமல் இருக்கிறது, நீயும் கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டு, நோயாளிகளின் இருமல் உன்னில் தொற்றாமல் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தில் கண்ட அவ்வளவும் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னவன். உறையைப் பிரிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே, கொழும்பில் வருமான வரிக்காரர் பெடியனைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்கின அன்றைக்கே, ஒருநாள் இரண்டு அரசாங்கங்கள் உன் வாசலில் வந்து நின்று ஒரே காசுக்கு வரி கேட்கும் என்று இந்த ஊர் ஸ்டேஷன் மேடையில் நின்று சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சொன்னது வாந்திபேதி வரும் என்றுதான் என்கிறாள் உன் சின்னம்மா. அதையும் சொன்னேன், இதையும் சொன்னேன், வாந்திபேதி வராதது என் பிழையா?

நீ எழுதினதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். கம்பெனி இலண்டனில் பதிந்தது, ஆனபடியால் இலாபப் பங்கு அனுப்ப முன்னமே அங்கே வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புகிறார்கள். இப்போது கொழும்பிலும் வருமான வரி வந்துவிட்டதால் அவர்களும் அதே இலாபத்தைக் கணக்கில் சேர்த்து வரி கேட்கிறார்கள். இலண்டனில் பிடித்தாயிற்று என்று காட்டினால் அதைத் தங்கள் வரியில் கழித்துவிடுவார்கள், காட்டாவிட்டால் கழிக்க மாட்டார்கள். அதைக் காட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் செக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வருகிற துண்டு வேண்டும், புரட்டாதி முடிய முன்னம் வேண்டும், இல்லையென்றால் ஊரில் உன் தங்கை யோகத்தின் சீதன வீட்டுக்கு ஓடு போட வைத்திருக்கிற காசு வரிக்குப் போய்விடும், மாப்பிள்ளை வீட்டார் கூரையில்லாத வீட்டுக்குத் தாலி கட்ட மாட்டார்கள். இவ்வளவுதானே. இதை நான் ரயில் பாஷையில் ஒரே வரியில் சொல்வேன். குளுவாங்கில் வாங்கின டிக்கெட்டை இங்கே காட்டினால் அதே தூரத்துக்குத் திரும்பவும் காசு கேட்பார்களா? இன்னும் தூரம் போகிறாய் என்றால் மேற்கொண்டு உள்ளதை மட்டும் கட்டு என்பார்கள். ஆனால் டிக்கெட்டைக் காட்டத்தான் வேண்டும். இத்தனை வருஷம் சாமான் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாயிருந்து ஜோகூர் ரயிலையே தோளில் சுமந்தவனுக்கு இது ஒரு கணக்கா? இங்கே ஜோகூரில் வருமான வரி என்று ஒன்று இல்லை என்பதையும் அறிந்துகொள், வைத்தால் சிற்றம்பலம் கேள்வி கேட்பான் என்ற பயம்தான்.

முக்கியமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கதையைப் பிறகு சொல்கிறேன். இந்தக் காரியம் முடிய வேண்டுமானால் நீ நேரில் இங்கே வந்து கையெழுத்து வைக்க வேண்டும். குளுவாங்கில் இருக்கிற கம்பெனித் துரையே வாயால் சொன்னது. ஆகையால் லீவுக்கு எழுதிப் போடு.

இனிக் கதை. பங்கு வாங்கினபோது கொடுத்தது என் விலாசமாகையால் கம்பெனித் தபால் இங்கேதான் வருகிறது. மேல் துண்டு செக்கு, அதை நான் ஒவ்வொரு முறையும் தவறாமல் உனக்கு அனுப்பினேன். கீழ்த் துண்டை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டிருக்கிறாய். மகனே, அதன் அருமை உனக்குத் தெரியாது. நம்முடைய பரம்பரையில் இலண்டனிலுள்ள ராசாவுக்கு நேரே வரி கட்டினவன் யார்? உன் பாட்டன் ஊர்ச் சந்தை வரியையே ஒளித்தவன். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவன் பெயருக்கு நேரே, இவனிடமிருந்து இவ்வளவு வரி பெற்றோம் என்று அச்சடித்து வருகிறதென்றால் அதை இழுப்பறைக்குள் போடுவதா? வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள்ளே ராசாவின் முகம் தெரியும், ஒருமுறை என்னைப் பார்த்துத் தலையசைத்ததும் உண்டு. ஆகையால் முதல் துண்டு வந்த அன்றே கண்ணாடிக் கதவோடு தேக்குச் சட்டம் செய்வித்து, பலகையில் அரிசிக்கூழ் தடவி ஒட்டி, பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டினேன். பிறகு வந்ததெல்லாம் அதன் கீழே வரிசையாக ஒட்டினேன். சாமிப் படத்தோடு இருக்கிற படத்துக்குப் பொட்டில்லாமல் விடலாமா? உன் சின்னம்மா வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்தாள். சரசுவதி பூசைக்குப் பூவும் வைத்தோம். இந்த ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் கூட முதலில் நம் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

உன் கடிதம் வந்ததும் சட்டத்தை இறக்கிப் பார்த்தேன். மொத்த இலாபம் எவ்வளவு என்று தெரிகிறது, கைக்கு வந்தது எவ்வளவு என்று தெரிகிறது, நடுவில் பிடித்த வரி எழுதியிருக்கிற கட்டத்தின் மேல்தான், ஒன்று தப்பாமல் எல்லாத் துண்டிலும், பொட்டு. ஏனடி உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அதற்கு அவள், "நெத்தியிலைதானே பொட்டு வைக்கிறது? அந்தத் துண்டுக்கு நெத்தி உதுதான். பின்னை காலிலையே வைக்கிறது?" என்றாள். பார்த்தால் அந்த இடம் நெற்றி போலத்தான் இருக்கிறது.

பலகையிலிருந்து உரிக்கப் போனால் கூழ் கல்லாய் இறுகியிருக்கிறது. கத்தி வைத்தால் ராசாவுக்குக் காயம். யோசித்தேன், ஆவிதான் மருந்து என்று பிடிபட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற நாகப்பட்டினத்து ருக்னுதீனை உனக்கு நினைவிருக்கும், நீ சின்னனாயிருக்கையில் உனக்கு ரொட்டி சுட்டுத் தருவாரே அவர்தான். சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும், "அலமாக்! என்ன அண்ணே, சாமி பொறப்பாடா? ஒத்தையில தூக்கிட்டு வர்றீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நம்ம பாய்லரு இத்தன நாளா தேத்தண்ணிக்குத்தான் கொதிச்சிச்சு, இன்னிக்குத்தான் ராசா காரியத்துக்குக் கொதிக்கப் போவுது. வைங்க வைங்க," என்று மூடியைத் திறந்து பலகையைத் தலைகீழாகப் பிடித்தார். ஆவி பட்டதும் துண்டுகள் ஒவ்வொன்றாக இளகி வந்தன, கூடவே இத்தனை வருஷத்துச் சந்தனமும் இளகிச் சொட்டுச்சொட்டாகப் பாய்லருக்குள் விழுந்தது. கடை முழுக்கக் கோயில் வாசம். சரக்கு வண்டி டிரைவர் காளியப்பன் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாய், இது தேத்தண்ணியா தீர்த்தமா? குடிச்சிட்டுத் தலையில தடவிக்கவா?" என்று கேட்டார். ருக்னுதீன் கொஞ்சமும் யோசியாமல், "இன்னிக்கு ஸ்பெசலு, அரைக் காசு கூட," என்றார். அவ்வளவு பேரும் கொடுத்தார்கள். அடுத்த நாளும் அதே தேத்தண்ணி கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆயர் ஈத்தாமிலிருந்தும் பத்து பாகாட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள் என்றும் சொல்லலாம்.

துண்டுகள் உரிந்துவிட்டன, சந்தனமும் போய்விட்டது, குங்குமம் மட்டும் தாளுக்குள் இறங்கி நின்றுகொண்டது. இலண்டனுக்கு எழுதி வேறு துண்டு எடுப்பதென்றால் கப்பல் போய்வரப் புரட்டாதி தாண்டிவிடும். ஆனபடியால் நானும் உன் சின்னம்மாவும் ரயிலேறிக் குளுவாங்குக்குப் போய்க் கம்பெனி ஆபீசில் இறங்கினோம். அங்கே சின்னத்தம்பி என்று ஒரு கிராணி, நம்ம ஆள் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம். துண்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, வாசம் நல்லாத்தான் இருக்கு, வரியத்தான் காணோம்," என்றான். மொத்தத்தில் கைக்கு வந்ததைக் கழித்தால் வரி வருமே, சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே என்றேன். "உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொழும்புல இருக்கிறவரு கழிச்சுப் பாக்க மாட்டாருங்க, எழுதியிருக்கிறதத்தான் பாப்பாரு. செவப்பா இருந்தா யாரோ அழிச்சிட்டு எழுதியிருக்காங்கன்னு சந்தேகப்படுவாரு," என்றான். மூளையுள்ள பெடியன்தான், எனக்குக் கீழே வேலை செய்திருந்தால் இன்னும் முன்னுக்கு வந்திருப்பான்.

பிறகு துரையிடம் அழைத்துக்கொண்டு போனான். துரை என்னைக் கண்டதும் எழுந்து நின்று கை கொடுத்து, கதிரை போட்டு, சுருட்டு நீட்டி, இத்தனை நாளாய் எங்கேயிருந்தீர் மிஸ்டர் சிற்றம்பலம் என்று கேட்டார். கதிரை போடவில்லை, வாசலில் நிற்கவைத்தே பேசினார் என்று பக்கத்தில் இருந்து உன் சின்னம்மா சொல்கிறாள், அவளுக்கு முழங்கால் நோவில் எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. துண்டை அவரும் முகர்ந்தார், தும்மினார். இது என்ன சிவப்பு என்று கேட்டார். சின்னத்தம்பி இங்கிலீசில் எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் முகமும் அதே சிவப்பாகிவிட்டது, சிரிப்பை அடக்கினதில். "எங்க நாட்டுல இந்தத் துண்டப் பாத்துத் திட்டுறவங்களத்தான் கண்டிருக்கேன், பொட்டு வச்சுக் கும்பிட்டவர இன்னிக்குத்தான் பாக்குறேன்னு துரை சொல்றாரு," என்றான் சின்னத்தம்பி. நான் விடவில்லை. இலண்டன் பிடித்தது கொழும்பு கேட்பதைவிடக் கூட என்றால் அந்த மிச்சத்தைக் கொழும்பு நமக்குத் திருப்பித் தர வேண்டாமா என்று ஒரு போடு போட்டேன். துரை திகைத்துப்போனார். தங்களுடைய வரி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கழிப்பார்கள், அதற்கு மேல் ஒரு சதமும் தரமாட்டார்கள் என்றார். தூரத்து டிக்கெட்டோடு நடுவழியில் இறங்கினவனுக்கு மிச்சக் காசு கிடையாது என்பது ரயிலிலும் உள்ளதுதான், ஆனால் கேட்டுவைப்பதில் என்ன நட்டம்? கடைசியில்தான் துரை அந்த வார்த்தையைச் சொன்னார். பங்குக்காரர் நேரில் வந்து என் முன்னால் கையெழுத்து வைத்தால்தான் வரி பிடித்ததற்கு நான் அத்தாட்சி தருவேன் என்று. மேசையில் அடித்துச் சொன்னார்.

ஆகையால் யோசியாமல் புறப்படு. கப்பலில் மேல்தட்டில் படுக்காதே, கடல் காற்றுக் காதுக்குள் போகும், நீ டாக்குத்தர் என்பது காற்றுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் இறங்கினால் ரிக்‌ஷாக்காரனிடம் விலை பேசாமல் ஏறாதே, சிற்றம்பலத்தின் மகன் என்று சொல்லு, அவனே குறைப்பான். பாலத்தைக் கடந்து ஜோகூர் பாருவில் ரயில் நிற்கும்போது இடதுபக்கம் இரு, நம் ஸ்டேஷன் மேடை அந்தப் பக்கம்தான் வரும், நான் நிற்பேன். சின்னம்மாவுக்குப் பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொண்டுவா, முழங்காலுக்கு உன் ஆசுபத்திரி எண்ணெய் ஏதும் இருந்தால் அதுவும். நீ கடைசியாக வந்தபோது மருத்துவம் படிக்கப் போகிற பெடியன், மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. இப்போது எப்படியிருக்கிறாய் என்று உன் சின்னம்மா என்னிடம் கேட்கிறாள், எனக்குத் தெரிந்த மாதிரி நானும் சொல்லிவருகிறேன், வரவர உன்னை உயரமாக்கிக்கொண்டே போகிறேன், கெதியாக வராவிட்டால் நீ வாசலில் குனிந்து நுழைய வேண்டி வரும்.

யோகத்துக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல்லு. நீ நோயில்லாமல், வழக்கில்லாமல், ஒரே காசுக்கு ஒரே தரம் மட்டும் வரி கட்டுகிறவனாய் நெடுங்காலம் வாழ வேண்டும். அடுத்த செக்கு வந்தால் கீழ்த் துண்டைக் கிழியாமல் சேர்த்து அனுப்புவேன், பொட்டு வைக்க மாட்டோம். புரட்டாதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சின்னையா,
க. சிற்றம்பலம்,
பென்ஷன் கிராணி, ஜோகூர் ரயில்.

பி.கு. இதைச் செல்லப்பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் உறையில் ஒட்ட வைத்திருந்த முத்திரையை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, "உங்கடை கதையை நம்பிப் பெடியன் கப்பலேறினால் கப்பல் காசு அந்த வரியைவிடக் கூட. பிறகு யோகத்தின்ரை வீட்டுக்கு ஓட்டுக்குப் பதிலா உங்கடை கதையையோ போடுறது? உள்ளதை எழுதுங்கோ, முத்திரை தாறன்," என்கிறாள். ஆகையால் எழுதுகிறேன். துரை அன்றைக்கே தன் புத்தகத்தைப் பார்த்து, இன்ன இன்ன தேதியில் இவ்வளவு வரி பிடித்தது உண்மை என்று எழுதி, கம்பெனி முத்திரை குத்தித் தந்துவிட்டார். நீ வந்ததும் கையில் தரலாம் என்று பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். இந்த உறைக்குள் இருக்கிறது, துண்டுகளும் இருக்கின்றன, உடனே கொழும்பு ஆபீசில் கொடு. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான், கதிரை உட்பட. உன்னை நேரில் வரச் சொன்னது மட்டும் துரை இல்லை, நான்.