பெஞ்சில் குனிந்தவர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

உன் படத்தின் டிஸ்க் வந்து சேர்ந்தது. அக்கா வந்து போட்டுக் காட்டினாள், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கடைசியில் மூக்கை உறிஞ்சினார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் யார் வீட்டிலோ ஃபேன் ஓடவில்லை என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் தனியாக இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நானே போட்டேன், ரிமோட்டில் எதையோ அழுத்தியிருக்கிறேன் போல, கதாநாயகி வாயை அசைக்கிறாள், உன் குரல் வருகிறது. கூடவே உன் கேமராக்காரப் பெண் சிரிக்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், கதாநாயகி அழுகிற இடத்திலும் நீ விடாமல் பேசவே, டேய், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பேச விடுடா என்று டிவியைப் பார்த்தே திட்டிவிட்டேன். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று டிவி ரிப்பேர்க்காரரிடம் ஓடினேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, “கெட்டுப்போகலம்மா, படம் எடுத்த கதையை டைரக்டரே உக்காந்து சொல்றாரு, வேணும்னேதான் பதிவு பண்ணியிருக்காங்க” என்றார். வேண்டுமென்றே படத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே டிஸ்கை உறையில் போட்டுக் கொடுத்தார்.

எனக்கு இன்னும் புரியவில்லைடா. வீட்டுக்குப் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, எது அடிப்பிடித்தது, எதில் உப்பு கூடியது என்று யாராவது தானாகச் சொல்வார்களா? நீ ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தா ஒரு பேக்கரியின் பின்பக்கமாம், மாவு மூட்டைகளுக்கு மேல் வெள்ளைப் போர்வையைப் போட்டு மூடினீர்களாம். கூட்டமாக வருகிறவர்கள் மொத்தமே ஐந்து பேராம், சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்களாம், அதில் நீயும் ஒருவனாம். மழை என்பது கார் கழுவுகிறவரிடம் இரவல் வாங்கிய ரப்பர் குழாயாம். கதாநாயகிக்கு நிஜமாகவே காய்ச்சலாம், அதனால்தான் கண் படத்தில் அவ்வளவு பளபளப்பாக விழுந்ததாம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாய், அவளைப் பெற்றவள் கேட்டால் என்ன நினைப்பாள்? லாட்ஜில் சௌகரியமாக இருக்கிறேன் என்று என்னிடம் அளந்தாயே, எட்டுப் பேர் ஒரே அறையில் தரையில் படுத்தோம் என்று இதில் வருகிறது. ஊருக்கெல்லாம் உண்மை, அம்மாவுக்கு மட்டும் பொய்யா? நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வருகிறது. ஆனாலும் படம் பார்க்கும்போது அந்த மழை எனக்கு மழையாகத்தான் தெரிந்தது, தையல்காரம்மா ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்த்தார். கோபமா பெருமையா என்று எனக்கே பிடிபடவில்லை.

அதெல்லாம் போகட்டும், நான் எழுத உட்கார்ந்தது பஸ் நிறுத்தக் காட்சிக்காக. கதாநாயகி மழையில் நிற்கிறாள், துணை நடிகர்களுக்கு வழியில்லாமல் நிஜமாகவே பஸ்ஸுக்கு வந்தவர்களையே வைத்து எடுத்தோம் என்கிறாய். பெஞ்சின் ஓரத்தில் ஒருவர், உங்கள் சாமான் பெட்டிகளின் மறைவில், முகம் தெரியவில்லை, கீழே குனிந்து வெகுநேரம் என்னவோ செய்கிறார், எழுந்து போய்விடுகிறார். முதல் தடவை பார்த்தபோது நான் அவரைக் கவனிக்கவே இல்லை. நீதான் சொல்கிறாய், “அது எங்கப்பா. வந்ததே எனக்குத் தெரியாது, எடிட்டிங்லதான் பாத்தேன். ஷூ லேஸைக் கட்டிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரு. அவ்வளவு கோவம்.” அதோடு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறாய். நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அவர் பிடித்துக் கொடுத்த ஆலை வேலையை நீ விட்ட நாளிலிருந்து மூன்று வருஷமாக நீங்கள் இருவரும் பேசவில்லை, நடுவில் நான் தபால்காரியாக அலைகிறேன். படப்பிடிப்பு எங்கே என்று அப்பாவிடம் சொல்லாதே என்றாய், நானும் சொல்லவில்லை, வாய் தவறி ஊர்ப் பெயரை மட்டும் ஒரு தடவை விட்டிருப்பேன். அவர் பல் டாக்டரிடம் போகிறேன் என்று காலையில் கிளம்பி விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பியது அந்த வாரம்தான். ஒரு பல்லுக்கு இவ்வளவு நேரமா என்றுகூடக் கேட்டேன். நீ என்னிடம் மறைத்தாய், அவரும் மறைத்தார், இந்த வீட்டில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். நாற்பது வருஷமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற உன் அப்பா லேஸ் வைத்த ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை. அவரிடம் அப்படி ஒரு ஷூவே கிடையாது.

நேற்றுக் காலை அவரைப் பிடித்து உட்காரவைத்து, உன் குரலோடு அந்த இடத்தைப் போட்டேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவ்வளவு கோவம் என்று நீ சொன்னதும் தலையைத் திருப்பிக்கொண்டார். எந்த ஷூவுக்கு லேஸ் கட்டினீர்கள் என்று கேட்டேன். “லேஸ் இல்ல. லைட்டுக்குப் பக்கத்து சலூன்லேர்ந்து கரண்ட் இழுத்திருந்தாங்க. ஒயரை முறுக்கிச் சேத்த எடம் பெஞ்சுக்கடியில மூடாம கெடந்துச்சு. இவன் வெறுங்காலோட தண்ணியப் பீச்சிக்கிட்டு நிக்கிறான். பையில இன்சுலேஷன் டேப் இருந்துச்சு, சுத்தி விட்டேன்” என்றார். கரண்ட் ஓடுகிற ஒயரிலா கை வைத்தீர்கள் என்று கத்தினேன். பிளக்கைப் பிடுங்கியிருந்தால் லைட் அணைந்து காட்சி வீணாகியிருக்குமாம். அவர் கை இரண்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்றேன். “எப்படிப் பேசுறது? யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு அவன்தான கத்தினான்” என்றார். சரி, காட்சி முடிந்த பிறகு பேசியிருக்கலாமே என்றால், பஸ் வந்துவிட்டதாம். அந்த வழியில் அரை மணிக்கொரு பஸ் உண்டு. அது கோபமா, கூச்சமா, இரண்டும் கலந்ததா, அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்கு விளங்கவில்லை. டிஸ்கில் நீ லேஸ் என்று சொன்ன பேச்சை அழித்துவிட்டு மறுபடி பதிவு பண்ண முடியுமா என்று ரிப்பேர்க்காரரிடம் கேட்டேன், முடியாது, எல்லா டிஸ்கும் வெளியே போயிருக்கும் என்கிறார். உலகத்துக்கெல்லாம் அவர் லேஸ் கட்டியவராகவே இருக்கட்டும், உனக்குத் தெரிந்தால் போதும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், எடுக்கிற படமெல்லாம் நல்லபடி அமைய வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் காலில் செருப்பில்லாமல் நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, நான் எடுக்க மாட்டேன், அப்பாவைத்தான் எடுக்கச் சொல்வேன். எடுத்துவிட்டு அவர் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, நீயே முதலில் பேசு. சத்தம் போடாதே என்று நீ சொன்னதோடு சரி, பேசலாம் என்று இன்னும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா