விழுந்தாலும் தொடக்கூடாது

கிள்ளான்
12 ஜூன் 1943

அண்ணா,

இல்லை, தரை ஈரமாக இருக்கவில்லை. கட்டில் காலும் ஆடவில்லை. ஐயா விழுந்ததற்குப் பாதிக் காரணம் அவர். மீதி நீங்கள். வேலைக்காரி கை படக்கூடாது என்று, ஐயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே வார்டு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள்தானே.

சட்டி எடுக்கும் ஆண் பணியாளர்களை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆண்கள் வார்டிலும் இப்போது ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த வேலைக்காரி வீரம்மாதான். மூத்திரச் சட்டியோடு போயிருக்கிறாள்.

"தொடாதை. அங்காலை போ."

"நான் புடிச்சிக்கிறேன் ஐயா. விழுந்திடுவீங்க."

"உன்ரை கையைப் பிடிக்கிறதிலும் பாக்க விழலாம்."

விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

"இப்ப தூக்கலாமா ஐயா, இல்ல உங்க சாதியில ஆள் தேடிட்டு வரவா?" என்றாளாம். வார்டே சிரித்தது. கேட்டபோது நானும்.

நான் சட்டி பிடித்தால், மகள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். அதன்பின் எழ மாட்டார். நர்ஸாகச் சொல்கிறேன். மூத்த மகன் பேச்சை மட்டுமே கேட்பார். ஒருமுறை வந்து, அவள் பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

குணபூசணி

•

பிரிக்பீல்ட்ஸ்
19 ஜூன் 2603

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். ஐயாவின் சுகமறிய ஆவல்.

அண்ணனுக்கு எழுதும் கடிதமா அது? படிக்க வைத்தது பிழை.

அலுவலகம் விட்டால் நிப்பொன் மொழி வகுப்பு. வர இயலாது. ஐயா அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். தோட்டத்துப் பெண்ணின் தோளில் தொங்கினார் என்று தெரிந்தால், நாளை என் மகள் சந்திரகலாவுக்குச் சம்பந்தம் பேச எவன் வருவான்?

விழாமலிருக்க வேறு வழியுண்டு. வார்டில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுவார். நீ தலையிடாதே.

அன்புடன்
சிவகுருநாதன்

•

கிள்ளான்
2 ஜூலை 1943

அண்ணா,

2603 என்று போட்டிருக்கிறீர்கள். புதிய ஜப்பானிய எஜமானர்களின் ஆண்டுக் கணக்கு. ஒரே தாவலில் அறுநூற்றறுபது வருடம். சாதியை மட்டும் மறக்காமல் கையோடு எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

நான் பெண்கள் வார்டில் இருந்த நேரம். டிரெஸர் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஐயாவுக்கு மூத்திரம் முட்டியிருக்கிறது. ஒருவரையும் கூப்பிடவில்லை. முடிச்சைப் பல்லால் அவிழ்த்திருக்கிறார். ஒரு கால் கட்டுத்துணியில் சிக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. இனி நடக்க மாட்டார் என்கிறார் டாக்டர்.

விழாமலிருக்கும் வழி. உங்களுடையது.

இப்போது வீரம்மாதான் புரட்டுகிறாள், துடைக்கிறாள். முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நேற்று வாய் திறந்தார்.

"பிள்ளை, இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிவிடு."

"ஐயா பேசிட்டாரு லா!" என்று வார்டுக்கே அறிவித்துவிட்டுத் தூக்கினாள்.

"அண்ணனுக்குச் சொல்லாதை" என்று ஐயா என்னைக் கெஞ்சினார். எலும்பு முறிந்த மனிதர், உங்களுக்குப் பயப்படுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

வர நேரமில்லை என்றீர்கள். இனி நேரம் கிடைத்தாலும் வர வேண்டாம்.

இந்த வரியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனேன். வீரம்மா மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்றேன்.

குணபூசணி