சாமான் அறை என்று எழுதியிருந்தார்கள்

மார்ச் 3, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்து ஐந்து வாரம் கழித்து. “தாங்கள் பேரிடர் வீட்டுவசதி உதவிக்குத் தகுதியற்றவர்.” அதற்கு மேல் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. மடித்துப் பைக்குள் திணிப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். அவள் வீட்டுக் கூடத்தில்தான் நானும் மாமனாரும் ஒண்டியிருக்கிறோம்.

“கூடத்துல இன்னும் எத்தனை நாளைக்குடி? பேசாம அவரை ஒரு இல்லத்துல சேர்த்துட்டு நீ மட்டும் இங்க இரு. புருஷனே போய்ச் சேர்ந்தாச்சு. அவங்க அப்பாவை நீ எதுக்குச் சுமக்கணும்?”

தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் மாமனாருக்கு விழுந்துபோனது கால்தான், காது இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 4, புதன்

சாப்பாட்டு வேளையில், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், துவைக்காத படுக்கை விரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி எடுத்தேன். பின்பக்கமும் அச்சடித்திருக்கிறது! நேற்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதே கதவிலக்கத்துக்கு ஏற்கெனவே உதவி வழங்கப்பட்டுள்ளது. உடன்படாதவர்கள் அறுபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தங்கள் கோப்பின் நகலைக் கேட்டுப் பெறலாம்.”

மூன்று முறை படித்தேன். வீட்டுக்காரம்மா முன்பகுதியில், பதினான்கு. நாங்கள் பின்பகுதியில், பதினான்கு-ஏ. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அப்படியானால் எனக்கு இல்லை என்று சொல்லவில்லை. தனிக் குடித்தனம் என்று காட்டு என்கிறார்கள். காட்டினால் போச்சு.

மார்ச் 5, வியாழன்

கோப்பின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். “இதையெல்லாம் யாரும் கேக்கறதில்லையேம்மா” என்றார் கவுன்ட்டர்காரர். “நான் கேக்கறேன் சார்” என்றேன்.

மார்ச் 12, வியாழன்

நகல் கிடைத்தது. பார்வையிட வந்த ஆள் எழுதியிருக்கிறார்: “பின்பகுதி — சாமான் அறை. யாரும் குடியிருக்கவில்லை.”

சாமான் அறையா? ஒன்பது வருஷம் சமைச்சு, சாப்பிட்டு, குளிச்சு, சண்டை போட்ட இடம். அவர் கடைசி மூச்சு விட்டது அங்கதான். நாங்க என்ன தட்டுமுட்டுச் சாமானா? யார் சொன்னது இப்படி? — யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும்.

மார்ச் 14, சனி

வீட்டுக்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். நகலைக் காட்டியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாடகைக்கு விட்டிருக்கேன்னு தெரிஞ்சா வீட்டு வரியை ஏத்திடுவாங்கம்மா. அந்த ஆள் கேட்டப்ப வாயில வந்ததைச் சொல்லிட்டேன். உனக்கு இப்படி ஆகும்னு நினைக்கலை.”

“நாங்க குடியிருந்தோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“என்னால முடியாது. கேக்காதே.”

தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். “உங்க கரண்ட் மீட்டர் தனிதானே? பெட்டிச் சாவி ஜன்னல்ல இருக்கும். நான் உள்ள போறேன். எனக்கு எதுவும் தெரியாது.”

படம் எடுத்துக்கொண்டேன். சேறு அப்பியிருந்தாலும் மீட்டர் எண் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்திலேயே “14-ஏ”. என் கணவர் பெயின்ட்டில் எழுதியது. ‘ஏ’ கோணலாகத்தான் இருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

யார் சாட்சி சொல்வார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். இன்று சைக்கிளில் எதிரே வந்தார் தபால்காரர். விஷயத்தைச் சொன்னதும் கெரியரிலிருந்த பையின் மேலேயே காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

“உங்க மாமனாரோட பென்ஷன் கடுதாசியை மாசாமாசம் கையில குடுத்திருக்கேன். ஒரு நாள் லேட்டா வந்தாலும் என்னை நிக்கவெச்சுக் கேள்வி கேப்பாரு. சாமான் எங்கயாவது கேள்வி கேக்குமா?”

மார்ச் 20, வெள்ளி

மனு, மீட்டர் படம், தபால்காரர் கடிதம், 14-ஏ போட்ட என் சம்பளச் சீட்டுகள். கொடுத்தாகிவிட்டது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தாமல் நகரமாட்டேன் என்று நின்றேன். குத்தினார்கள்.

ஏப்ரல் 8, புதன்

விசாரணை. மாமனார் நானும் வருவேன் என்று அடம். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலி கேட்டு வாங்கிப் போனோம்.

மேல்முறையீட்டு அதிகாரி கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மாமனாரைப் பார்த்து, “நீங்க அந்தப் பின்பகுதியிலதான் இருந்தீங்களா ஐயா? அது சாமான் அறைன்னு அறிக்கையில இருக்கே?” என்றார்.

“அறிக்கை சரிதாம்மா. ஒன்பது வருஷமா அங்க கிடந்த பழைய சாமான் நான்தான். இவதான் தினம் துடைச்சு வெச்சா.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும். எனக்கு மட்டும் அழுகை வந்தது, என்ன பிறவியோ நான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கிடைத்துவிட்டது! கிடைத்தேவிட்டது! “முந்தைய முடிவு ரத்து செய்யப்படுகிறது. 14-ஏ தனிக் குடியிருப்பாக ஏற்கப்படுகிறது.” வேறு வீடு பார்த்துக்கொள்ள ஒரு வருட வாடகை உதவி. மாமனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “இன்னொரு தடவை” என்றார். படித்தேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “நான் அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதடி” என்றாள். வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

எப்படித்தான் செய்தி பரவியதோ. சலவைப் பிரிவு இஸ்திரி மேசையில் ஆறு பேருடைய கடிதங்கள். எல்லாம் “தகுதியற்றவர்”. ஒருத்திக்குக் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்; அதற்காக ஒரு மாதமாக அழுதுகொண்டிருக்கிறாள். “முதல்ல பின்பக்கத்தைத் திருப்புங்கடி” என்றேன். மேற்பார்வையாளர் அதட்ட வந்தார். பிறகு, தன் தம்பிக்கு வந்த கடிதத்தையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

மே 10, ஞாயிறு

புது வீட்டில் ஒன்பதாம் நாள். காலை எழுந்ததிலிருந்து மாமனார் ஒரே குறை. குழாய் சொட்டுகிறதாம். ஜன்னல் வழியாக வெயில் நேராக முகத்தில் அடிக்கிறதாம். கதவு கிறீச்சிடுகிறதாம். அக்கா வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஸ்பேனர் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். போக வேண்டும்.