ஐரீனின் எம்.ஆர்.ஐ. படம்

அனுப்புநர்
ச. லூயிஸ்,
கயிறு, வலை வியாபாரம்,
காலடிப்பேட்டை மார்க்கெட் எதிரில்,
திருவொற்றியூர், சென்னை-19.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் துறை, சென்னை.

பொருள்: என் மனைவியின் எம்.ஆர்.ஐ. படத்தை ஒளிக்கரை அறக்கட்டளை மருத்துவமனை தர மறுப்பது – வரும் 20ஆம் தேதிக்குள் பெற்றுத் தர வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ஐரீனுக்கு (வயது 46) மலக்குடலில் புற்றுநோய் என்று சென்ற ஜனவரியில் மேற்படி மருத்துவமனையில் கண்டு, எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி எதுவரை பரவியிருக்கிறது, வெட்டினால் மிச்சம் நிற்குமா என்பதை முன்கூட்டியே அந்தப் படம் சொல்லிவிடும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

2. அன்று ஐரீன் வெளியே பெஞ்சில் இருந்தாள். அறுவை மருத்துவர் அருள்பிரகாசம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் காட்டி, "மார்ஜின் ரொம்பக் கம்மி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. என்ன சொல்றீங்க?" என்றார். இருபத்திரண்டு வருட வியாபாரி நான். மார்ஜின் என்றால் எனக்குக் கையில் நிற்கும் லாபம். "கம்மின்னா இன்னா சார், முடிச்சிடுங்கோ" என்றேன். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்படியே வெட்டிவிட்டார்.

3. அவர் சொன்னது கட்டிக்கும் வெட்டும் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது அவ்வளவு குறைவென்றால் முதலில் கதிர்வீச்சு கொடுத்து (எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள்) கட்டியைச் சுருக்கிய பிறகே வெட்டுவார்களாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சுருள் கயிறு வாங்க நாலு கேள்வி கேட்கிறவன்.

4. செப்டம்பரில் நோய் அதே இடத்தில் திரும்பிவிட்டது. மறுபடி வெட்ட முடியுமா என்பதை, பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 20ஆம் தேதி வேறொரு மருத்துவமனையில் முடிவெடுக்கிறார்கள். பழைய படத்துக்காக ஆறு முறை போனேன். ரெக்கார்டு அறை எழுத்தர் பக்தவச்சலம், "மேலேர்ந்து ஆர்டர் வரணும் நைனா, என் கைல இன்னா கீது" என்கிறார். வழக்குப் போடுவேன் என்று நிர்வாகத்துக்குப் பயம். போட மாட்டேன் என்று எழுதித் தரவும் தயார்.

5. கடையில் யாராவது மார்ஜின் என்றால் அந்தக் கறுப்புப் படமும் பேனா முனையும் கண்முன் வந்து நிற்கின்றன. "அந்தப் படத்துல இன்னாதான் இருந்துச்சி?" என்று ஐரீன் தினமும் கேட்கிறாள். டாக்டருக்குத்தான் தெரியும் என்று சொல்லி எழுந்துவிடுகிறேன்.

எனவே, தாங்கள் தயவுசெய்து தலையிட்டு அந்தப் படத்தை உடனே பெற்றுத் தர வேண்டுகிறேன். இனிமேல் கையெழுத்து வாங்கும் முன் படத்தில் உள்ளதை நோயாளியிடமே புரியும் தமிழில் சொல்லவும் உத்தரவிடக் கோருகிறேன்.

பதிலை மேற்கண்ட கடை முகவரிக்கே அனுப்பவும். வீட்டில் தபால் வாங்குவது ஐரீன்.

இடம்: காலடிப்பேட்டை
நாள்: 12.11.2007

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ச. லூயிஸ்