எழுத்து அழிந்த எஸ் விசை

அப்பா,

உங்கள் கீபோர்டை என் லேப்டாப்பில் செருகித்தான் இதைத் தட்டுகிறேன். எஸ் எழுத்து முழுவதும் அழிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும் நம் உத்தர வீதி அச்சுக் கடையில், ஒவ்வொரு வரியையும் சேமிக்கக் கன்ட்ரோல் எஸ் அழுத்தி அழுத்தி நீங்கள் தேய்த்த இடம். விரல் வைத்தால் சின்னக் குழியாக இருக்கிறது. அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். சத்தம் கேட்காமல் மெதுவாக அழுத்துகிறேன்.

நான் ஆறாம் வகுப்பில் படித்த கன்ட்ரோல் இசட்டை உங்களுக்குக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதுவரை ஒரு பத்தி தவறி அழிந்தால் முழுவதையும் மறுபடி அடிப்பீர்கள். அன்று அழிந்தது அப்படியே திரும்பி வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டீர்கள்.

"அடப்பாவி, இத்தனை வருஷமா இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?" என்று கீபோர்டைக் கேட்டீர்கள்.

பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்ததற்கு உங்களைத் திட்டினேன். "பத்திரிகை அடிக்க வர்றவங்க எல்லாருக்கும் உங்க பாஸ்வேர்டு தெரியும்பா!"

"சரிங்க போலீஸ்காரம்மா" என்று கிழித்துப் போட்டீர்கள். மறுநாளே அது மறந்துபோய், நான் பள்ளி விட்டு வரும்வரை கடை வாசலிலேயே நின்றிருந்தீர்கள்.

அந்தப் போலீஸ்காரம்மாதான் இப்போது ஏமாந்து நிற்கிறாள், அப்பா.

ஒரு மாதமாக ஒரு பெண் என்னோடு செய்தியில் பேசிவந்தாள். காட்டூர், பத்தாம் வகுப்பு என்றாள். அவளுக்கும் அப்பா இல்லை என்றாள். அதனாலேயே நம்பினேன். "என் அக்கவுண்ட் திறக்கல, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லேன்" என்றாள். அந்த ஆறு இலக்க எண்ணை அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடம் என் கணக்கு என் கையில் இல்லை. பேசியது பெண்ணே இல்லை, யாரோ ஒருவன். நாளை முதல் அவன் சொல்வதையெல்லாம் நான் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் என் பெயரில் வகுப்புத் தோழிகளுக்குக் கண்டதையும் எழுதுவானாம். வீட்டில் சொன்னாலும் எழுதுவானாம்.

கணக்கு போகும் முன் பேசியதும், பிறகு அவன் மெயிலில் மிரட்டியதும் லேப்டாப்பில் அப்படியே திறந்திருக்கின்றன. டெலிட்டை அழுத்தினால் அம்மாவுக்குத் தெரியாமலே போய்விடும். விரல் அங்கேதான் இருந்தது. அப்போதுதான் உங்கள் மேசைக் கம்பி நினைவுக்கு வந்தது.

அச்சடிக்கும் முன் வாடிக்கையாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃப் தாளை அந்தக் கம்பியில் குத்தி வைப்பீர்கள். ஒருமுறை திருவானைக்காவலிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து கத்தினார். "ஆறு மணி முகூர்த்தத்தை ஒன்பதுன்னு போட்டிருக்கீங்களே! சொந்தக்காரங்க வர்றப்போ பந்தியே முடிஞ்சிருக்கும்!" கத்திவிட்டு அவரே குழம்பினார்: "நான்தான் சரியா பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேனோ?"

நீங்கள் கம்பியிலிருந்து அந்தத் தாளை உருவி அவரிடம் நீட்டினீர்கள். அதில் ஆறு என்றுதான் இருந்தது. கையெழுத்துக்குப் பிறகு ஊர்ப் பெயரைத் திருத்தும்போது உங்கள் விரல்தான் தவறியிருந்தது. "தப்பு என்னோடதுங்க. நாளைக்குப் புதுசா தர்றேன்."

அவர் போனதும் கேட்டேன். "கிழிச்சுப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்பா?"

"கிழிச்சா தப்பு போயிடுமா? யார் மேல தப்புங்கிறதுதான் தெரியாம போகும்."

டெலிட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அவன் எழுதிய ஒவ்வொன்றையும் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் அழுத்திப் படமாக எடுத்துச் சேமித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் விரல் உங்கள் குழியில்தான் போய் உட்கார்ந்தது. அனுப்பிவிட்ட அந்த எண்ணுக்குக் கன்ட்ரோல் இசட் கிடையாது, அப்பா. ஆனால் உங்கள் கம்பி என்னிடம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் சேமித்துவிட்டு அம்மாவை எழுப்பப் போகிறேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கிறேன்.

"நம்பரைக் கொடுத்தது நான்மா. மிரட்டுறது அவன். ரெண்டும் இதுல இருக்கு, பாரு."