எழிலுக்குத் தடித்த சோல் வேண்டாம்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், என் இடது முட்டி மட்டும் நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது, அதற்குக் காரணம் நீதான், அதையும் சொல்கிறேன். ஷில்லாங் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் பார்சலோடு கடிதமும் வைக்கிறேன், முழுதாகப் படி.

உன் ஆஸ்பத்திரித் தோழிகள் வைத்திருக்கிற அதே உயரமான பைக்தான் எனக்கும் வேண்டும், உட்கார்ந்தால் கால் எட்டவில்லை, இரண்டு அங்குலம் சோல் ஏற்றி ஒரு பூட்ஸ் செய்து அனுப்பும்மா என்று கேட்டிருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் இருக்கிறேன், நீயாக என்னிடம் கேட்ட முதல் ஷூ இதுதான். கூட வேலை செய்கிற அஸ்பாக் பாயிடம் சொன்னேன். இன்னா மெர்சிம்மா, பாப்பா கேட்டு இல்லேன்னு சொல்லிடுவனா என்று நல்ல தோலாக எடுத்து சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்து முடித்துவிட்டார். கறுப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரம், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் எந்த ஷூவும் ஒரு கால் போட்டுப் பார்க்காமல் எங்கள் ரூமை விட்டு வெளியே போனதில்லை, அந்தக் கால் என் கால்தான் என்பது உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் ஒரே அளவு, ஒரே குட்டை. அதனால் பூட்ஸை மாட்டிக்கொண்டு அப்பாவையும் இழுத்துக்கொண்டு வேலூர் ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே சுப்பராயன் என்று ஒருவர், யாருக்கு சார் வண்டி என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைக் கைகாட்டினார். அந்த மனுஷன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர் நன்றாக இருக்க வேண்டும். பின்பக்க மைதானத்தில் நீ கேட்ட உயரமான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கிளட்ச் கியர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன், இரண்டு காலும் தரையை எட்டின, எழில் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது, நான் இத்தனை நாள் ஓட்டிய ஸ்கூட்டியெல்லாம் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. நிறுத்தும்போதுதான் வினை. கியரை நியூட்ரலுக்கு எடுக்கலாம் என்றால் தடித்த சோல் கியர் கம்பிக்கு அடியில் நுழையவே மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டே காலை ஊன்றினேன், சோலுக்குக் கீழே ஒரு கல் இருந்தது, இரண்டு அங்குலம் தாண்டி எனக்கு எப்படித் தெரியும், கணுக்கால் புரண்டு வண்டியோடு சாய்ந்துவிட்டேன். சுப்பராயன் ஓடிவந்து சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, அடி ஏதாவது பட்டுச்சாம்மா என்று கேட்டார். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பை சீட்டில் முட்டுக்கொடுத்து, பின்னாலேயே அடி வைத்துத் தூக்கச் சொன்னார். நானே தூக்கினேன், எழில். ஷோரூமே பார்த்துக்கொண்டிருந்தது, அப்பா கைதட்டினார். விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்றுதானே உனக்கும் பயம், நான் விழுந்து பார்த்துவிட்டேன், முட்டி கன்றியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை, சிரிப்புதான் வந்தது.

பிறகு பையில் கொண்டுபோயிருந்த, கம்பெனிக்குப் போட்டுப் போகிற சாதா ஷூவை மாட்டிக்கொண்டு சீட் தாழ்ந்த ஒரு 350 சிசி வண்டியில் உட்கார்ந்தேன். பாதம் முழுக்கத் தரையில் பதிந்தது. ஒரு சுற்று போதும் என்று சொல்லிவிட்டு நாலைந்து சுற்று சுற்றினேன், அப்பாதான் கூப்பிட்டு நிறுத்தினார். நீயும் சீட் உயரம் இத்தனை என்று பேப்பரில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதே, 37 என்று போட்ட ஷூவெல்லாம் நம் காலுக்குச் சேர்ந்துவிடுகிறதா என்ன. சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் கால் விரிந்து தரை இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. உன் ஊர் மேடும் பள்ளமும், அங்கே நிறுத்தும்போது ஒரு காலையாவது முழுதாக ஊன்ற முடிய வேண்டும். உன் தோழிகள் வண்டி அவர்கள் காலுக்குச் சரி, உன் காலுக்கு எது என்று நீ உட்கார்ந்து பார்த்துச் சொல். உன் சம்பளம், உன் வண்டி, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த சோலை மட்டும் அனுப்பமாட்டேன். அஸ்பாக் பாய் பேஜார்மா உங்களோட என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்து, சாதாரண சோல் வைத்து, கணுக்காலுக்கு உள்ளே பஞ்சு இரட்டையாகக் கொடுத்திருக்கிறார். பார்சலில் இருப்பது அதுதான். திரும்பும்போது அப்பா பிரியாணி வாங்கிக் கொடுத்தார், விழுந்ததற்குப் பரிசாம்.

எந்த வண்டி எடுத்தாலும் ஆண்டவர் உன் பின் சீட்டில் உட்கார்ந்து வரட்டும். ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் தொங்கவிடாதே, பூட்ஸை ஹீட்டர் பக்கத்தில் காயவைக்காதே, தோல் வெடித்துவிடும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மெர்சி

பி.கு.: அப்பா சொல்லாதே என்றார், எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த 350 எனக்காக புக் செய்தாகிவிட்டது, கியர் வண்டி பழக எல்.எல்.ஆர். நேற்று கைக்கு வந்தது. லைசன்ஸும் சீக்கிரம் வந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டியைச் சின்னதாகக் கொண்டு வா, ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து உன்னை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வரப்போவது நான்.