கதவில் ஒரு கோணல் கோடு

அன்பு மகள் வண்டுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, எழுது. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன், பாலும் இல்லை ஒன்றும் இல்லை, அது போனில் சொல்லுகிற விஷயம் இல்லை, அவ்வளவுதான். என் அஞ்சாம் வகுப்புக்கு வருகிற எழுத்தில் எழுதுகிறேன், கூட்டிப் படித்துக்கொள்.

நீ கேட்ட அந்தக் கோணல் கோடு விழுந்த அன்றைக்கு நம் சமையலறைக் கதவு முன்னால் நின்றவர்கள் இவர்கள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய நீ, உன்னை இடுப்பில் வைத்திருந்த நான், ஆட்டோவில் கூட்டி வந்த உன் மாமா, எதிர்வீட்டுத் தையல்காரம்மா, உன் அப்பா, உன் அத்தை. வேறு யாராவது நானும் இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே, உன் பெரியப்பா இப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார், அவர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை, எனக்கு மறக்காது.

பொடிசுக்கு உயரம் குறிக்கப் போகிறேன் என்று நம் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். நூல் பிடிக்காமலே நேர்கோடு போடுகிற பெயிண்டர் அப்பா ஆகக் கீழே இருக்கிற கோட்டை மட்டும் ஏன் இப்படிக் கோணலாகப் போட்டார், அதற்குக் கீழே ஏன் ஒன்றுமே இல்லை, நான் இந்த வீட்டில்தானே பிறந்தேன் என்று கேட்டாய். இருந்தது கண்ணு. நீ சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தது. சுவர் ஓட்டையை அடைக்கப் பட்டி பூசி இழுக்கிற தகட்டை உன் தலையில் மட்டமாக வைத்து, காதில் செருகின பென்சிலை எடுத்து ஒரே இழுப்பு. நீ ஆடுவாய், அவர் வண்டு அசையாதே என்பார், நீ வேண்டுமென்றே ரீங்காரம் பண்ணுவாய். உனக்கு வண்டு என்று பேர் வந்ததே அதனால்தான். சாயங்காலம் அவர் வந்ததும் சட்டையில் தெறித்த பெயிண்டைப் பார்த்து இன்றைக்கு எந்தக் கலர் வீடு என்று நீ சொல்ல வேண்டும், அது உங்கள் இருவருக்கும் தினப்படி விளையாட்டு. மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவி அந்த வாசத்தோடேயே உன்னைத் தூக்குவார், நான் கத்துவேன். இப்போது எந்த வீட்டிலாவது பெயிண்ட் வாசம் வந்தால் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், ஊரெல்லாம் பளபளவென்று அடித்த மனுஷன் அதுவரைக்கும் சொந்த வீட்டில் ஒரு கதவைத் தொட்டதில்லை. கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் உன் காலில் நீலம் நீலமாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் ஓடி ஆடுகிற பிள்ளை, எங்காவது இடித்திருக்கும் என்று டானிக் கொடுத்தார். அவரை வருஷக்கணக்கில் திட்டினேன், ஆனால் அவர் பிறகு வார்டுக்கே வந்து உன் கட்டில் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அதனால் விட்டுவிட்டேன். ரத்தத்தில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது உனக்கு நாலு வயது. எனக்கு அது பெரியவர்களுக்கு வருகிற நோய் என்றுதான் தெரியும், தப்பாக யார் கணக்கிலோ வரவேண்டியது உனக்கு வந்துவிட்டது என்று அங்கிருந்த நர்ஸிடம் சண்டை போட்டேன்.

வார்டில் உனக்குப் பக்கத்துச் சுவர் பாதி வரைக்கும் பச்சை. உன் அப்பா வந்தால் முதலில் அதைத்தான் தடவுவார், ஒரே ஒரு கோட்டு பெயிண்ட் அடித்துவிட்டு ரெண்டு கோட்டுக்குக் காசு வாங்கியிருக்கிறான் என்பார், நீ சிரிப்பாய். உன் முடி தலையணையெல்லாம் கொட்டினபோதும், பரவாயில்லை, பழைய பெயிண்ட் உரிகிறது, புதுசு ஏறும் என்றார். சாப்பாடு உன் அத்தைதான். தன் வீட்டையும் பார்த்து, நம் வீட்டில் வந்து சமைத்து, ரெண்டு பஸ் மாறித் தூக்குவாளியோடு வருவாள். எனக்குக் காரம் ஆகாது என்று தெரிந்தும் அள்ளிப் போடுவாள், அதையும் எழுதிவைக்கிறேன்.

ஒருநாள் உனக்கு விடாத காய்ச்சல். பெரிய டாக்டர் எங்கள் ரெண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, மருந்து கேட்கவில்லை, மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். நான் உள்ளே வந்து உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா அப்படியே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு பல நாள் அவர் வார்டுக்குள் வரவில்லை, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போவார் என்று அத்தை சொன்னாள். நீ மட்டும் தினம் அப்பா சட்டை என்ன கலர் என்று அவளைக் கேட்பாய், அவளும் எதையாவது சொல்லுவாள்.

அப்புறம் காய்ச்சல் இறங்கியது. மருந்து கேட்க ஆரம்பித்தது. ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை, எனக்கு என்ன தெரியும். வீட்டிலிருந்தே வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம், வீடு மட்டும் தூசி தும்பில்லாமல் இருக்க வேண்டும் என்று அனுப்பினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாசம். நீ என் இடுப்பிலிருந்து நழுவி, மொட்டைத் தலையோடு நேராக அந்தக் கதவுக்குப் போனாய். கதவு கண்ணாடி மாதிரி இருந்தது. நீ மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி, “இங்க இருந்த என்னக் காணோம்” என்றாய்.

உன் மாமா ஆட்டோ சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பா தரையைப் பார்த்தார். அப்போது அத்தை முன்னால் வந்து, “நான்தான் அண்ணி அடிக்கச் சொன்னேன், கதவு ஒரே அழுக்கு, கொழந்தைக்கு ஆகாதுன்னு” என்றாள்.

நான் கேட்ட கேள்வியை இப்போது எழுதினால் தாள் தாங்காது. என் பிள்ளை வருகிறதுக்குள் அவள் தடத்தைத் துடைத்துவிட்டாயா என்பதுதான் அதில் சின்னது. அன்றைக்கே அவள் தூக்குவாளியை உன் மாமா கையில் கொடுத்து அவளையும் அவள் வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கப்புறம் அவளோடு பேச்சில்லை, அவள் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, உன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. உன்னையும் பேசவிடாமல் வளர்த்தேன். நீதான் அன்றைக்கு அழாமல், சரி அப்பா, புதுசா போடு என்று கதவோடு ஒட்டி நின்றாய். அவர் தகட்டை வைத்தார், கை அப்படி நடுங்கிற்று. அதுதான் அந்தக் கோணல் கோடு. பிறகு நான் ஒரு கத்தியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தேன், பழைய கோடு ஒரு நூல் அளவுகூட இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, மேலே ரெண்டு கோட்டு பெயிண்ட். அவ்வளவு சுத்தமான வேலையை அவர் காசு வாங்கின வீட்டில்கூடச் செய்ததில்லை. அந்தக் கதவுக்கு மட்டும் அதன் பிறகு அவர் பெயிண்டே அடிக்கவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன வருஷம் படுக்கையில் கிடக்கும்போது அவராகச் சொன்னார். டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்தவர் கதவைப் பார்த்திருக்கிறார். தினம் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும், முடியவில்லை என்று தேய்க்க ஆரம்பித்திருக்கிறார். சமைக்க வந்த அத்தை உப்புத்தாளைப் பிடுங்கியிருக்கிறாள், அவ வருவா அண்ணா, அவ வந்து கேப்பா என்று கதவை மறித்து நின்றிருக்கிறாள். இவர் அவளை நகர்த்திவிட்டு அடித்திருக்கிறார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். கஞ்சி ஆறுகிறது குடியுங்கள் என்றேன். ரெண்டு நாளில் போய்விட்டார்.

அத்தைக்கு இப்போது கண்ணில் ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது, நான்தான் போய் இங்கே கூட்டி வந்தேன். முன்னறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறாள், நிம்மதியாக ஒரு கடிதம் எழுத முடியவில்லை. ஏன்டி இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும் அண்ணி. என் வீடு ரெண்டு பஸ் தள்ளித்தான இருக்கு” என்றாள். நான் எழுந்துபோய்க் கறிகாய் நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அவளிடம் பேசு. அவள் கூச்சப்படுவாள், உன் சட்டை என்ன கலர் என்று சொல்லி நீயே ஆரம்பி. லீவுக்கு வரும்போது பொடிசை அந்தக் கதவில் நிற்கவைத்து அத்தை கையால் கோடு போடலாம், கண் சரியாகத் தெரியாது, கோணலாகத்தான் வரும், வரட்டும். தகடு பரண்மேல் இருக்கிறது. வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, வேலை என்று சாக்குச் சொல்லாதே. மாப்பிள்ளையும் நீயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருங்கள்.

அத்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இராதே. பிள்ளை போய்விடும் என்று பயந்து அவர் கோட்டை அழித்ததைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை, பெற்ற மனசு, தாங்கவில்லை. ஆனால் கூடப் பிறந்தவள் பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசல்படி இறங்கிப் போனபோது, பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாரே, அதற்கு மன்னிப்பு இல்லை. தினம் நினைக்கிறேன், தினம் சண்டை போடுகிறேன், இன்னும் அவர் சட்டையை மடித்துத்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் இல்லை. நான் மன்னிக்காத ஆள் உன் அப்பா ஒருத்தர்தான்.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்து திரிந்த அம்மா